'நான் வரலைங்க ஐயா'

ஆடி மாதத்து மழை. இரவு எட்டு மணி இருக்கும். இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் கணக்கு (மேல் பிரிவு) லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், தொங்கல் காம்பராவுக்கு (கடைசி அறைக்கு) நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா இஸ்தோப்பு (முன் தாழ்வாரம்) வாங்கில் சுவரோடு சாய்ந்திருந்தார். வயது 62. நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு நடுங்குகிறோம், அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. தாடை உளைகிறதாம், இடது தோள் கனக்கிறதாம். நெஞ்சில் வலி ஒன்றுமில்லையாம்.

"வாய்வுங்க ஐயா. இஞ்சித் தண்ணி குடிச்சிருக்கேன், சரியாப் போயிரும்."

அவருக்குச் சீனி நோய் 12 வருடமாக உண்டு. கிளினிக் கொப்பி என் கையெழுத்தால்தான் நிரம்பியிருக்கிறது. சீனி நோய்க்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலிக்காமலே இருக்கலாம். வயிற்றுப்புண், ஒவ்வாமை எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்டு 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தேன். அம்புலன்ஸ் இலக்கமான 1990 க்கு அழைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் அம்புலன்ஸ் கோயிலடி வரைக்கும்தான் வரும். அங்கிருந்து லயத்துக்குப் படிக்கட்டு. நனைந்துகொண்டே ஸ்ட்ரெச்சரோடு வந்த இருவரும் சிங்களப் பையன்கள். அதில் ஒருவன் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, பிரஷர் பார்த்து, "அம்மே, யமு" என்றான் மெதுவாக. அம்மா, போகலாம் என்று.

"நான் வரலைங்க ஐயா" என்றார் அந்த அம்மா, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

அடுத்த கால் மணி நேரம் நான் பேசியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இதயத்துக்குப் போகும் குழாய் எப்படி அடைக்கும், அடைத்தால் தசை எப்படிச் செத்துப்போகும், ஊசி போட்டுக் கட்டியைக் கரைக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு முழுப் பாடம் நடத்தினேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். கடைசியில், "நீங்க சொல்றது சரிதாங்க ஐயா, நான் வரலைங்க" என்றார்.

கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. அதன் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். அப்பா இல்லை, அதாவது இருக்கிறார், இங்கே இல்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "பிள்ளைய நான் பாத்துக்குறேன், ராவைக்கு என்னோட படுத்துக்கட்டும். காலையில ஸ்கூலுக்கும் நானே அனுப்புறேன். நீ கெளம்பு" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்து, பெட்டியிலிருந்து ஒரு நல்ல சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரெச்சரில் தானே உட்கார்ந்தார்.

நான் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவ உதவியாளன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆட்கள் டொக்டர் ஐயா என்பார்கள், நான் டொக்டர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டியவர்களை அடையாளம் கண்டு அனுப்புவதுதான் என் வேலையின் பாதி. அந்தப் பாதியில் பெரும்பங்கு, போகமாட்டேன் என்பவர்களோடு பேசுவது. இதை யாரும் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை.

முன்பெல்லாம் தோட்டத்து லொறிதான் அம்புலன்ஸ். கொழுந்துச் சாக்கின் மேல் கம்பளியை விரித்து ஆளைக் கிடத்தி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போவார்கள். லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தால் காத்திருக்கவேண்டும். 1990 சேவை 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய உதவியோடு தொடங்கி, அப்புறம் நாடு முழுக்க வந்தது. எங்கள் மலைக்கும் வந்தது. காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். இத்தனை வருடத்துக்குப் பிறகும், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு "எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் யாரும் கேட்கும் முன்பே, முதல் வார்த்தையாக "இதுக்குக் காசு இல்லை" என்று சொல்லிவிடுகிறேன். சிலருக்கு மறுப்பு அந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

மற்றவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. "ஏன் வரமாட்டீங்க?" என்று கேட்பதை நான் அன்றைக்கு இரவோடு நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டால் ஆள் தன் பக்க நியாயத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார், வாய்வு, பழகிப்போச்சு, நாளைக்குப் போறேன் என்று. இப்போது நான் கேட்பது, "நீங்க போயிட்டா இங்க என்ன நின்னு போகும்?" இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் உண்மையான பதில் வருகிறது. மாட்டுக்குப் புல் அறுக்க ஆளில்லை. சீட்டுக் காசு மடியில் இருக்கிறது, நாளைக்குக் கொடுக்கவேண்டும். மகன் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது. ஒரு தாத்தா, வீட்டுக்காரி தவறி முப்பதாம் நாள் படையல் மறுநாள் என்றார். மருந்தால் தீராத காரணங்கள்தான் எல்லாமே, ஆனால் லயத்தில் பத்துப் பேர் கூடி நிற்கும்போது தீர்க்க முடிந்தவை.

இன்னொன்று, உடுப்பு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது விளங்காது. மலையிலிருந்து அப்படியே வந்த பெண், இடுப்பில் படங்குச் சாக்கு, காலெல்லாம் சேறு, அட்டை கடித்த ரத்தம். இந்தக் கோலத்தில் டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கமாட்டார். "அங்க மிஸி (நர்ஸ்) திட்டும்" என்பார். மூச்சுத் திணறல் இல்லை, ரத்தம் ஓடவில்லை என்றால், இரண்டு நிமிடம் கொடுத்து ஒரு பெண்ணை உள்ளே அனுப்பி முகம் கை கால் துடைத்து சேலை மாற்றச் சொல்வேன். வந்தவர்கள் அவசரப்படுத்துவார்கள். அரை மணி நேரம் வாதாடுவதை விட அந்த இரண்டு நிமிடம் லாபம்.

மொழியும் உண்டு. வார்டில் தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் கிடந்த அனுபவம் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த முறை கால் எழும்பாது. இதற்கு நான் செய்வது ஒரு சின்னத் துண்டு. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன மருந்து கொடுத்தேன், வழக்கமாக என்ன குளிசை சாப்பிடுகிறார் என்று சிங்களத்தில் எழுதி, அவர் கையிலேயே கொடுத்து, "யாராச்சும் ஏதாச்சும் கேட்டா இதைக் காட்டுங்க" என்பேன். அம்புலன்ஸ்காரரிடம் ஒன்று, அவர் மடியில் ஒன்று. மடியில் இருப்பதுதான் முக்கியம்.

பேர், அதாவது ஒரு நாள் வேலைக்கான சம்பளப் பதிவு, அதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2021 இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கூடவே, குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர் என்ற பேச்சும் பல இடங்களில் இறுகியது. அப்படி ஒரு நாளில் காலை பத்து மணிக்கு மலையில் குளவி கலைந்தது. கலைந்தது மலைத்தேனீதான், எங்கள் ஆட்களுக்கு எல்லாமே குளவி. ஐந்து பெண்களைக் கொட்டிவிட்டது. நான்கு பேர் வண்டியில் ஏறிவிட்டார்கள். ஒருத்தி, முப்பது வயது இருக்கும், ஏறவில்லை. உடம்பெல்லாம் தடித்திருந்தது, ஊசி போட்டதும் இறங்கிவிட்டது. "இப்ப நல்லாத்தானுங்க இருக்கேன். மத்தியான நிறுவைக்கு முன்ன போனா முழுப் பேரு கெடைக்கும்."

நல்லாத்தான் இருந்தாள். ஆபத்தே அதில்தான். ஒவ்வாமை ஒருமுறை அடங்கி, சில மணி நேரம் கழித்து மறுபடி எழும்பலாம். அப்போது அவள் நடுமலையில் இருப்பாள். அதோடு, கொட்டு எண்ணிக்கை அதிகமானால் விஷம் தசையைக் கரைத்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். அது தெரிய ஒரு நாளும் ஆகும். இதையெல்லாம் சொன்னேன். அவள் கண் நிறுவை நேரத்திலேயே இருந்தது.

அன்றைக்கு நான் பேரம் பேசினேன். "சரி, ஆஸ்பத்திரி வேணாம். டிஸ்பென்சரி வாங்குல நாலு மணி வரைக்கும் உக்காரு. தொண்டை அடைக்கிற மாதிரியோ, மயக்கமோ, மூச்சு இழுப்போ வந்தா அப்ப ஏறிடணும், பேச்சு கிடையாது." கணக்கப்பிள்ளையிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார், பிறகு பேரைப் போட்டார். இரண்டரை மணிக்கு அவளுக்கு உதடு வீங்க ஆரம்பித்தது. அட்ரினலின் பக்கத்திலேயே இருந்தது, 0.5 மில்லிகிராம் தொடையில். இரண்டாவது முறை வந்த அம்புலன்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் ஏறினாள்.

முழுதாகச் சம்மதிக்காதவரிடம் பாதியையாவது வாங்கிக்கொள்ளவேண்டும் என்பதை அன்றைக்குப் படித்தேன். ஆஸ்பத்திரிக்கு வராதவர் ஈசிஜிக்கு மட்டும் வரலாம், இரவு தனியாகப் படுக்காமல் இருக்கச் சம்மதிக்கலாம், போனில் 1990 ஐப் பதிந்து தலைமாட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கலாம். 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்று நாம் நின்றால் அவர் ஒன்றுமில்லைக்குப் போய்விடுவார். ஆனால் பேரம் பேசும்போது, எது வந்தால் திரும்ப அழைக்கவேண்டும் என்பதை அவரிடம் மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் காதிலும் போடவேண்டும், திருப்பிச் சொல்லவும் வைக்கவேண்டும்.

இனி நான் தோற்ற கதை.

தீபாவளி முற்பணம் கொடுத்த அன்றைக்கு இரவு. கீழ் கணக்கில் ஒருவர் குடித்துவிட்டுக் கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்துவிட்டார். நான் போகும்போது அவரைத் தூக்கி வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். பின்தலையில் வெட்டு, ரத்தம் நின்றுவிட்டது. யாரோ அம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் வந்துவிட்டது. அவர் எல்லோரையும் ஏசினார், என்னையும் ஏசினார், என் அம்மாவையும் சேர்த்து. "பேர் என்ன?" என்றேன், சொன்னார். "இன்னிக்கு என்ன நாள்?" "சம்பள நாளுடா." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்காரி, "வுடுங்க ஐயா, படுத்துத் தூங்கினா காலையில சரியாயிரும், எப்பவும் இப்பிடித்தான்" என்றார். வண்டியில் வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டேன். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் எழுப்ப முடியவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. கண்டிக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்தார்கள், உயிர் பிழைத்தார். வலது காலை இழுத்து நடக்கிறார். இன்றைக்கும் என்னைக் கண்டால் கும்பிடுகிறார். அவர் கும்பிடாமல் போனால் எனக்கு நல்லது என்று நினைப்பதுண்டு.

பேரும் நாளும் கேட்டது போதாது என்பது அப்புறம்தான் உறைத்தது. புத்தி தெளிவாக உள்ள பெரிய ஆள் வேண்டாம் என்றால் பலவந்தமாகத் தூக்கிப்போக நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த 'வேண்டாம்' தெளிவான புத்தியிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கவேண்டியது நம் பொறுப்பு. குடி, தலையில் அடி, குறைந்த ஒட்சிசன், கடும் காய்ச்சல், குறைந்த சீனி, இவை எல்லாமே ஆளின் வாயால் 'வேண்டாம்' என்று பேசும். இப்போது நான் மூன்று விஷயத்தை அவர் வாயாலேயே சொல்லவைக்கிறேன். உங்களுக்கு என்ன ஆகியிருக்கு? போகாம விட்டா என்ன ஆகலாம்? அது தெரிஞ்சும் ஏன் இங்கேயே இருக்கணும்னு நினைக்கிறீங்க? நான் சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காமல் தன் வார்த்தையில் சொன்னால், அதை ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டாலும் மாற்றாமல் சொன்னால், அப்போது அது அவர் முடிவு. ஏசுவதும் சிரிப்பதும் பதில் ஆகாது. குடித்தவர் தலையில் அடிபட்டிருந்தால் அவர் வேண்டாம் என்றாலும் நான் விடுவதில்லை. வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு, தலைவரைக் கூப்பிட்டுக்கொண்டு, எப்படியாவது அனுப்புகிறேன். மறுநாள் வந்து சண்டை பிடிக்கட்டும்.

சீனியைப் பற்றி ஒரு வார்த்தை. எப்போதும் அமைதியாக இருக்கும் ஒரு காவல்காரர் ஒருநாள் என்னைக் கம்பால் அடிக்க வந்தார், ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைக் கேட்டதும். இரண்டு பேர் கையைப் பிடிக்க விரலைக் குத்திப் பார்த்தால் சீனி வெறும் 41. காலையில் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போயிருக்கிறார். விழுங்க முடிந்ததால் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் "என்னாங்க ஐயா, ஏன் இவ்ளோ கூட்டம்?" என்றார். குளிசையால் சீனி இறங்கினால் திரும்பவும் இறங்கும், அதனால் அப்போதும் அனுப்பத்தான் வேண்டும் என்றதும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுக்கிறவர் யாராக இருந்தாலும் வாதத்துக்கு முன்னால் சீனி பார்க்கவேண்டும்.

சில வீடுகளில் மறுப்பது நோயாளி இல்லை, வீடு. ஒரு இளம் பெண் ஏதோ குடித்துவிட்டாள் என்று இரவில் ரகசியமாகக் கூப்பிட்டார்கள். வாந்தி எடுத்தாயிற்று, நன்றாகப் பேசுகிறாள். "பொலிஸ் கேஸ் ஆயிரும் ஐயா, பொம்பளைப் பிள்ளை, வெளிய தெரிஞ்சா போச்சு" என்று அப்பா என் காலில் விழாத குறை. இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்றிருந்த சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நம் லயங்களில் அது இன்னும் போய்ச் சேரவில்லை. அவளை ஜெயிலில் போடமாட்டார்கள் என்று நான் சட்டம் பேசினேன், அது அவருக்குக் கொஞ்சம் இறங்கியது. இந்த விஷயத்தில் நான் பேரம் பேசுவதில்லை. குடித்த உடனே நன்றாக இருப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை, சில பொருட்கள் ஓரிரு நாள் கழித்துத்தான் உள்ளே வேலை காட்டும். மிட்வைப் அம்மாவைக் கூப்பிட்டேன், அவர் அந்தப் பெண்ணோடு வண்டியில் ஏறினார். லயத்துக்கு 'வயித்து வலி' என்று சொன்னோம். பொய்தான். பிறகு அந்தப் பெண்ணுக்கு 1926 என்ற இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன், மனநல உதவிக்கு எந்நேரமும் பேசலாம். அவள் அதைப் போன் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

எல்லா மறுப்பையும் உடைக்கவேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. ஆளை வண்டியில் ஏற்றிவிட்டால் வெற்றி. ஒரு பெரியவர் அதை மாற்றினார். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் வைத்தியம் பார்த்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் விடியற்காலை மூச்சு ஒரு மாதிரி ஆனதும் மகள் பயந்துபோய் 1990 க்கு அழைத்துவிட்டாள். வண்டியும் வந்தது, நானும் போனேன். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

என் மூன்று கேள்வியையும் கேட்டேன். என்ன ஆகியிருக்கு? "நெஞ்சுல பரவிருச்சு." போகாவிட்டால்? "செத்துருவேன். போனாலுந்தான்." ஏன் இங்கே? ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைக் காட்டினார். "அந்த நாலாம் நம்பர் மலைக்கு நான்தான் கன்னு போட்டேன்."

வந்த பையனுக்கு நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவன் படிவத்தை எடுத்து நிரப்பி, வாசித்துக் காட்டி, நான் தமிழில் சொல்ல, பெரியவர் பெருவிரல் வைத்தார். போகும்போது அவன் குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போனான். மகளிடம் நான் நீண்ட நேரம் பேசவேண்டியிருந்தது. மூச்சு எப்படி மாறும், கை கால் எப்படிக் குளிரும், வலிக்கு இருக்கும் மருந்தை எப்படிக் கொடுப்பது, மனசு மாறினால் எந்த நேரமும் மறுபடி அழைக்கலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்று. கையெழுத்து வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து வெளியேறுவதுதான் இதில் பெரிய தவறு. அவர் மூன்றாம் நாள் போனார், மகளின் மடியில்.

முதலில் சொன்ன அந்த அம்மா ஆறாம் நாள் திரும்பி வந்தார். ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்து உடனே ஊசி போட்டிருக்கிறார்கள். பேத்தி பக்கத்து அக்காவை விட்டு வரமாட்டேன் என்று இரண்டு நாள் அடம் பிடித்தது வேறு கதை.

அதற்குப் பிறகு கிளினிக் கொப்பிகளின் பின் அட்டையில் நான் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். பிரஷர், சீனி, நெஞ்சுநோய் உள்ள எல்லோரிடமும், நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்கிறேன், அவசரமாகப் போகவேண்டி வந்தால் எதை யாரிடம் விடுவீர்கள் என்று. பிள்ளை, தங்கச்சி வீடு. பசு, கங்காணி மகன். சாவி, கோயில் பூசாரி. போன மாதம் தனியாக இருக்கும் ஒரு தாத்தாவைக் கேட்டபோது, "எனக்கு யாருங்க ஐயா இருக்கா?" என்று சிரித்தார். எழுந்து போகப்போனவர் கதவடியில் நின்று யோசித்தார். "ஒரு சேவல் இருக்குங்க." எழுதிக்கொண்டேன். சேவல், எதிர்க் காம்பரா.